கிளாபம் பஸ்ஸின் பிரயாணி: பிரிட்டிஷ் சாமானியரின் அபிப்பிராயம் பற்றிய ஒரு சொற்பொழிவு



இம்மேடையில் ஆண்டுக்கொரு முறை ஒருவர் பொதுவாழ்வைப் பற்றிப் பேச வேண்டும் என்பதும், பேசுகிறவர் எக்கட்சிக்கும் வக்காலத்து வாங்கலாகாது என்பதுமே இச்சொற்பொழிவை ஏற்படுத்திய அறக்கட்டளையின் சாசனத்தில் கண்ட நிபந்தனைகள் என்று செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். பிரிட்டனைப் பற்றிப் பேசுவதாக நான் இசைந்தபோது, பார்லிமெண்டின் பழம்பெருமை, எழுதப்படாத அரசியல் சட்டத்தின் சூட்சுமம், மந்திரிசபையின் கூட்டுப் பொறுப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றையே எடுத்துக்கொள்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றையெல்லாம் கற்றறிந்தோர் முன்னரே விரிவாகப் பேசிவிட்டமையாலும், அவர்களுக்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாமையாலும், பார்லிமெண்டு மண்டபத்துக்கு வெளியே, ரயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரி பெஞ்சியிலும் மதுக்கடை மேஜையிலும் அந்நாட்டுச் சாமானியர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பேச்சையே இன்றைய பொருளாகக் கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்து மாலையில், தென் இங்கிலாந்திலுள்ள ஒரு சிறு ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்தேன். என்னையும் சேர்த்து எழுவர். ஒருவர் நிழல் மற்றவர்மேல் விழலாகாது என்று விரதம் பூண்டவர்களைப்போல் பிளாட்பாரம் நெடுகத் தள்ளித் தள்ளி நின்றோம். வண்டி தாமதமாக வரும் என்றும், அதற்காகக் கம்பெனியார் மன்னிப்புக் கோருகின்றனர் என்றும் ஒலிபெருக்கி மூன்றாம் முறையாக அறிவித்தபோது, கையில் காய்கறிப் பை வைத்திருந்த ஒரு கிழவர், எவர் முகத்தையும் பாராமல், ஆகாயத்தை நோக்கி, "மன்னிப்பு மட்டும் நேரத்துக்கு வந்துவிடுகிறது" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. அடுத்து நின்ற அம்மாள் ஒருத்தி சென்ற வாரத்து வண்டியைப் பற்றிச் சொன்னாள். அதற்கு மறுமொழியாக ஓர் இளைஞன், தன் தாயின் இடுப்பு எலும்புச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் மாதக் கணக்கைச் சொன்னான். அங்கிருந்து பேச்சு பிரதம மந்திரிக்கும், அவரிடமிருந்து முந்தின இரவு டெலிவிஷனில் வந்த தொடர்நாடகத்துக்கும் சென்றது. கால் மணி நேரத்துக்குள் ஒரு தேசத்தின் அரசியல், பொதுச்சேவை, பொழுதுபோக்கு மூன்றையும் அந்த எழுவர் அலசித் தீர்த்துவிட்டனர்.

இந்தப் பேச்சுக்கு நம் மொழியில் முணுமுணுப்பு என்று பெயர். முறையீடு என்பது மேலே இருப்பவரை நோக்கிச் செய்வது. புலம்பல் என்பது தனக்குத்தானே செய்துகொள்வது. முணுமுணுப்போ பக்கத்தில் நிற்பவர் காதில் விழட்டும் என்று செய்வது. பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பதே அதன் இலக்கணம். பிரிட்டனில் பொதுஜன அபிப்பிராயம் என்று நாம் பெரிய பெயரிட்டு வழங்கும் வஸ்து, இந்த முணுமுணுப்பிலிருந்தே உருவாகிறது என்பதும், பக்கத்தில் ஒருவர் உள்ளவரையில் அது நாட்டைக் காக்கிறது என்பதும், அந்த ஒருவரை அகற்றிவிட்டால் அது ஒன்று விலைபோகிறது, அல்லது மாண்டுபோகிறது என்பதுமே நான் சொல்ல வந்தது.

1. நீதிஸ்தலம் கண்ட பிரயாணி

பிளிமத் நகரத்துப் பத்திரிகை ஒன்று ஒரு சங்கீத நாடகத்தைக் கடுமையாகக் குறைகூறி எழுதியதற்காக, அந்நாடகத்தை நடத்தியவர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு அப்பீலுக்கு வந்து 1903-ஆம் ஆண்டு தீர்ப்பாயிற்று. தீர்ப்புரைத்த நீதிபதி காலின்ஸ், நியாயபுத்தியுள்ள சாதாரண மனிதனைக் குறிக்க, 'கிளாபம் பஸ்ஸில் செல்லும் மனிதன்' என்ற சொற்றொடரை, தமக்கு முன்னிருந்து காலமாகிவிட்ட போவென் பிரபு வழங்கியது என்று சொல்லி எடுத்தாண்டார். கிளாபம் என்பது தென் லண்டனில் ஒரு பகுதி. அங்கிருந்து நகரத்துக்குக் குதிரை பூட்டிய பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த அந்த மனிதன் பெரும் பண்டிதனும் அல்லன், பாமரனும் அல்லன். சொந்த வண்டி வைத்துக்கொள்ளும் செல்வமும் இல்லை, நடந்தே போக வேண்டிய வறுமையும் இல்லை. அன்று முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, ஒருவன் போதிய கவனத்தோடு நடந்தானா என்ற கேள்வி எழும்போதெல்லாம், இப்பிரயாணி என்ன செய்திருப்பான் என்று ஆங்கில நீதிஸ்தலங்கள் கேட்டு வந்திருக்கின்றன.

இவ்விஷயத்தில் இரண்டு விசேஷங்கள் உண்டு. முதலாவது, அந்த முதல் வழக்கிலேயே நீதிபதி சொன்னது, விமரிசனம் நியாயமானது எனப்படுவதற்கு அந்தப் பிரயாணி அதைச் சரியென்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற அவசியமில்லை என்பதே. அதாவது, ஒரு நாடகத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை, பெரும்பாலோர் ஆமோதித்தால்தான் உண்டு என்பதல்ல. பத்திரிகையே ஜயித்தது. சாமானியனை நீதிஸ்தலத்துக்குள் அழைத்து வந்த அதே வாசகம், அவனோடு முரண்படுகிறவனுக்கும் ஓர் ஆசனம் போட்டுக் கொடுத்தது.

இரண்டாவது விசேஷம் 2014-இல் நிகழ்ந்தது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் ரீட் பிரபு, அந்தப் பிரயாணி ஒரு கற்பனை மனிதனே என்றும், ஆகையால் கிளாபம் செல்லும் பஸ்ஸிலிருந்து மெய்யான பிரயாணிகளை இறக்கிவந்து சாட்சி சொல்லவைக்க ஒருவர் முயல்வது பொருந்தாது என்றும் தெளிவுபடுத்தினார். சட்டத்துக்கு அது சரியே. அளவுகோலை யாரும் கூண்டில் ஏற்றி விசாரிப்பதில்லை. ஆனால் சட்டத்துக்கு வெளியே, சாமானியன் பெயரால் நடைபெறும் பெரும்பாலான காரியங்களும் அவனை ஒரு வார்த்தை கேளாமலேதான் நடைபெறுகின்றன என்பதை எண்ணும்போது, இந்தக் கற்பனைப் பிரயாணியின் சௌகரியம் யாருக்கு என்ற சந்தேகம் எழாமல் இருப்பதில்லை.

2. மெய்யான பிரயாணியைக் கேட்டவர்கள்

கேட்டுத்தான் பார்ப்போமே என்று 1937-இல் மூவர் துணிந்தனர். அவர்களுள் டாம் ஹாரிஸன் பறவையாராய்ச்சியில் தொடங்கி, பசிபிக் தீவுகளில் மனிதர்களோடு வாழ்ந்து திரும்பியவர். சார்லஸ் மேட்ஜ் கவிஞர், பத்திரிகை நிருபர். ஹம்ப்ரி ஜென்னிங்ஸ் ஓவியர், திரைப்படம் எடுப்பவர். தூர தேசத்துக் குடிகளின் சடங்குகளை ஆராயும் சிரத்தையோடு சொந்த நாட்டுக் குடிகளை ஏன் ஆராயலாகாது என்பது அவர்கள் கேள்வி. 'மாஸ் அப்சர்வேஷன்' என்று தம் இயக்கத்துக்குப் பெயரிட்டு, மோட்டார்க்காரர்கள் தெருவில் போடும் கூச்சல், யுத்த நினைவுச் சின்னத்தின் முன் ஜனங்கள் நடந்துகொள்ளும் விதம் என்பன போன்ற, அதுவரை அறிஞர் எவரும் ஏறெடுத்துப் பாராத விஷயங்களைப் பட்டியலிட்டனர். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடந்த 1937 மே 12-ஆம் தேதியன்று, தொண்டர்கள் பலர் தத்தம் ஊர்களில் கண்டதையும் காதில் விழுந்ததையும் எழுதி அனுப்பினர். ஊர்வலத்தைப் பத்திரிகைகள் வர்ணித்தன. ஊர்வலம் வருமுன் நடைபாதையில் கால் கடுக்க நின்றவர்கள் பேசிக்கொண்டதை இவர்கள் எழுதி வைத்தனர். லங்காஷயரில் நூலாலைகள் நிறைந்த போல்ட்டன் நகரில் ஹாரிஸன் தங்கி, தம் தோழர்களை மதுக்கடைகளில் அமர்த்தி, ஒரு கோப்பை பீரை ஒருவர் எத்தனை நிமிஷத்தில் குடிக்கிறார் என்பதைக்கூடக் குறிக்கச் செய்தார். இதைப் பரிகசித்தவர்கள் பலர். யுத்தம் வந்து, ஜனங்களின் மனோதைரியத்தை அறிய சர்க்காரே இத்தகைய விசாரணைகளை நாடியபோது, செய்தி மந்திரி டஃப் கூப்பரின் பெயரால், 'கூப்பரின் ஒற்றர்கள்' என்று பத்திரிகைகள் அவற்றைக் கேலி செய்தன. வேவு பார்ப்பதற்கும் செவி கொடுப்பதற்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது என்பதால் அக்கேலியை முற்றும் தள்ளவும் இயலாது.

ஆயினும், யுத்தம் தொடங்கிய 1939-இல் பாரோ என்ற கப்பல் கட்டும் நகரத்துக் குடும்பத் தலைவி ஒருத்தி இவ்வியக்கத்துக்காகத் தொடங்கிய நாட்குறிப்பை, யுத்தம் ஓய்ந்த பின்னும் ஏறத்தாழ இருபதாண்டுகள் எழுதிக்கொண்டே வந்தாள் என்பது சிந்திக்கத்தக்கது. நெல்லா லாஸ்ட் என்னும் அவ்வம்மையின் குறிப்புகள் பிற்காலத்தில் நூலாகவும் நாடகமாகவும் வெளிவந்து புகழடைந்தன. ரேஷன் சாமான்களும், வெடிகுண்டுகளும், கணவனின் மௌனமும், தான் யார் என்று அவள் மெல்ல மெல்லக் கண்டுகொண்டதும் அவற்றில் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. தன் முணுமுணுப்பைக் கேட்க எங்கோ ஒருவர் இருக்கிறார் என்ற நினைவே அவளை எழுத வைத்தது என்று நான் எண்ணுகிறேன்.

அந்த 1937-ஆம் ஆண்டிலேயே கேலப் என்பவர் வகுத்த முறைப்படி ஜன அபிப்பிராயத்தைக் கணக்கெடுக்கும் ஸ்தாபனமும் லண்டனில் வேலை தொடங்கியது. 1945-இல் யுத்தத்தை வென்று கொடுத்த சர்ச்சிலே தேர்தலிலும் வெல்வார் என்று உலகமே நம்பியிருக்க, தொழிற்கட்சியே முன்னிற்கிறது என்று அந்தக் கணக்கு சொல்லிற்று. ஒரு பத்திரிகை அதை அச்சிட்டும் இருந்தது, நம்புவார்தாம் இல்லை. ஜூலை 5-ஆம் தேதி வாக்களிப்பு நடந்து, 26-ஆம் தேதி முடிவு வெளியானபோது, தொழிற்கட்சிக்கு 393 ஸ்தானங்கள். வீரனைக் கொண்டாடுவது வேறு, வீட்டை ஒப்படைப்பது வேறு என்று அந்நாட்டுச் சாமானியர் பாகுபாடு செய்துகொண்டிருந்தது பெரியவர்களின் கவனத்துக்கு எட்டவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டுமன்று, வென்றவர்கள் பலருக்குமே அது ஆச்சரியமாக இருந்தது.

3. சொந்த வீட்டுக் கூரை

1945-இல் வாக்களித்த அதே ஜூலை 5-ஆம் தேதி, மூன்றாண்டு கழித்து 1948-இல், தேசிய சுகாதார சேவை பிரிட்டனில் அமலுக்கு வந்தது. 1942 டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை அதன் வித்து. வறுமை, நோய், அறியாமை, அசுத்தம், வேலையின்மை ஆகிய ஐந்து அரக்கர்களை ஒழிக்க வழிசொல்லும் சர்க்கார் அறிக்கை ஒன்றை, யுத்த மத்தியில் ஜனங்கள் வரிசையில் நின்று விலைகொடுத்து வாங்கினார்கள் என்றால், அந்த வரிசையே ஓர் அபிப்பிராயம் அல்லவா? அச்சேவையை உருவாக்கிய மந்திரி அனைரின் பெவன், வேல்ஸ் நாட்டில் ட்ரெடீகர் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். கூலியில் பவுனுக்குச் சில பென்ஸ் வீதம் தொழிலாளர் கொடுத்து வந்த தொகையைக் கொண்டு வைத்தியரையும் மருந்தையும் ஏற்பாடு செய்த வைத்திய உதவிச் சங்கம் ஒன்று அவ்வூரில் இருந்தது. அதை நாட்டளவுக்கு விரிப்பதாகவே பெவன் தம் காரியத்தைக் கருதினார். 1951-இல் மூக்குக் கண்ணாடிக்கும் பொய்ப்பற்களுக்கும் கட்டணம் விதிக்கத் தம் சர்க்காரே முனைந்தபோது அவர் மந்திரி பதவியை உதறினார்.

இன்று அந்த சேவையைப் பற்றி பிரிட்டிஷ் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்? 1983 முதல் நடந்துவரும் சமூக மனப்பான்மை ஆய்வின்படி, 2010-இல் 100-க்கு 70 பேர் அதில் திருப்தி தெரிவித்தனர். 2024-இல் திருப்தி தெரிவித்தவர்கள் 100-க்கு 21 பேர் மாத்திரமே. ஆய்வு தொடங்கிய காலத்திலிருந்து அதுவரை இவ்வளவு தாழ்ந்ததில்லை. இதைக் கண்டு, அந்நாட்டார் இந்த ஏற்பாட்டையே வெறுத்துவிட்டனர் என்று எவரேனும் முடிவு செய்வாராயின், அவர் அதே ஆய்வின் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை என்று பொருள். சிகிச்சை பெறும் இடத்தில் யாரும் காசு கொடுக்க வேண்டாம் என்ற மூலக் கொள்கையை, பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் விடாது பற்றி நிற்கின்றனர்.

இவ்விரண்டும் முரணல்ல. வாடகைக்கு இருப்பவன், கூரை ஒழுகினால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவான். சொந்தக்காரனோ ஒவ்வொரு மழைக்கும் நிமிர்ந்து பார்த்து முணுமுணுப்பான். அயலார் ஒருவர் வந்து, "இது என்ன வீடு" என்று சொன்னால் மட்டும் அவனுக்குக் கோபம் வரும். பல ஆண்டுகளாக அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில், முக்கியமாக வேல்ஸ் பள்ளத்தாக்குகளிலும் வடக்கே தொழில் நகரங்களிலும், நம் நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற வைத்தியர்கள் உழைத்து வந்திருக்கின்றனர். காத்திருக்கும் நேரத்தைக் குறித்துக் கால் மணி நேரம் தூற்றிய நோயாளி, எழுந்து போகும்போது தம்மிடம் நன்றி சொல்லிவிட்டுப் போகும் விந்தையை அவர்களில் பலர் அறிவர்.

ரயில்வேயின் கதையும் இதுவே, ஆயின் அன்பு சற்றுக் குறைவு. 1948-இல் அது தேசிய உடைமையாயிற்று. 1963-இல் பீச்சிங் என்பவரின் அறிக்கை 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொல்லிற்று. 1990-களில் தனியார் கைக்குப் போயிற்று. பிரயாணி வண்டிகளை மறுபடி பொதுவுடைமைக்குக் கொண்டுவரும் சட்டம் 2024-இல் நிறைவேறிற்று. உடைமையாளர் மாறினும் முணுமுணுப்பு மாறவில்லை. 1991 பிப்ரவரியில், பொடிப்பொடியாக விழுந்த ஒருவகை உலர்ந்த பனி என்ஜின்களுக்குள் புகுந்து வண்டிகளை நிறுத்திவிட்டது என்று ரயில்வே அதிகாரி ஒருவர் விளக்க, ஒரு மாலைப் பத்திரிகை அதை 'தப்பான ரகப் பனி' என்று சுருக்கித் தலைப்பிட்டது. அதிகாரி சொன்னது பௌதிக உண்மை. பத்திரிகை செய்தது ஹாஸ்யம். அன்று முதல், நொண்டிச் சாக்குச் சொல்லும் எந்த உத்தியோகஸ்தருக்கும் அந்நாட்டில் அதுவே பழமொழியாகிவிட்டது.

4. அத்தையின் குரல்

பொதுச்சேவையையும் பொழுதுபோக்கையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது பி.பி.சி. 1922-இல் கம்பெனியாகத் தொடங்கி, 1927 ஜனவரி முதல் தேதி அரச சாசனம் பெற்ற ஸ்தாபனமாயிற்று. வானொலிப் பெட்டிக்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங் லைசென்ஸ் கட்டணம் என்று ஆரம்பித்தது, டெலிவிஷனுக்கு 2025-இல் 174.50 பவுன் ஆகியிருந்தது. கட்டணம் தங்கள் கையிலிருந்து நேராகப் போவதால், நிகழ்ச்சி பிடிக்காவிட்டால், "என் காசுக்கு இதுவா?" என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு வீட்டுக்கும் இருப்பதாக ஜனங்கள் நினைக்கின்றனர். இந்த ஸ்தாபனத்துக்கு அவர்கள் இட்டிருக்கும் செல்லப் பெயரே அத்தை என்பதுதான். கண்டிப்பானவள், சற்றுப் பழைய மோஸ்தர், ஆனால் குடும்பத்தில் ஒருத்தி. 1941-இல் தொடங்கி, பிற்காலத்தில் 'தமிழோசை' என்ற பெயரால் நம் வீடுகளுக்குள்ளும் வந்த அக்குரலை நினைவுகூர்வோர் இச்சபையிலும் பலர் இருப்பீர்கள்.

அந்த அத்தை 1951-இன் முதல் நாளில் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற வானொலித் தொடரை நாடு முழுவதற்கும் ஒலிபரப்பத் தொடங்கினாள். மாமிசத்துக்கு இன்னும் ரேஷன் இருந்த காலம் அது. விளைச்சலைப் பெருக்கும் முறைகளைக் குடியானவர் காதில் போடுவதே நோக்கம். ஆம்ப்ரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்துக் கதையோடு கதையாக உரமும் விதையும் உபதேசிக்கப்பட்டன. ஆனால் 1955 செப்டம்பர் 22-ஆம் தேதி, அதாவது போட்டி டெலிவிஷன் ஸ்தாபனம் பிறந்த அதே இரவில், கிரேஸ் ஆர்ச்சர் என்ற பாத்திரம் தீவிபத்தில் மாண்டபோது, கேட்டவர்கள் பந்துக்களை இழந்தவர்கள்போல் கலங்கினார்கள். உபதேசம் செய்ய வந்த நாடகம் உறவாகிவிட்டது. 1960 டிசம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்', மூலையில் ஒரு மதுக்கடையோடு கூடிய ஒரு தெருவை டெலிவிஷனுக்குக் கொண்டுவந்தது. அந்தக் கடையில் நின்று பாத்திரங்கள் முணுமுணுத்ததைக் கேட்டு, மெய்யான கடைகளில் நின்றவர்கள் மறுநாள் முணுமுணுத்தனர். 1966 நவம்பரில், கென் லோச் இயக்கிய 'கேத்தி கம் ஹோம்' என்ற நாடகம், வீடிழந்த ஓர் இளம் தாயிடமிருந்து அதிகாரிகள் அவள் குழந்தைகளையும் பிரித்து எடுத்துச் செல்வதைக் காட்டிற்று. அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்ததை ஒரே இரவில் நாடு பார்த்தது. 1980-இல் வந்த 'எஸ், மினிஸ்டர்', மந்திரியை ஆட்டிவைக்கும் காரியதரிசியைக் காட்டிச் சிரிக்க வைத்தபோது, பிரதம மந்திரியாக இருந்த திருமதி தாட்சரே அதன் ரசிகையாக விளங்கினார். அதிகாரம் தன்னைப் பற்றிய பரிகாசத்தை ரசிப்பது பெருந்தன்மையா, தந்திரமா என்பதை உங்கள் தீர்ப்புக்கு விட்டுவிடுகிறேன்.

5. பஸ்ஸின் வெளிப்புறம்

இதுவரை முணுமுணுப்பைப் புகழ்ந்து வந்தேன். அதன் பழுதையும் சொல்லாவிட்டால் சாசனத்தின் இரண்டாம் நிபந்தனையை நான் முணுமுணுப்புக்கே வக்காலத்து வாங்கி மீறியவனாவேன்.

2016-ஆம் ஆண்டு, ஐரோப்பிய யூனியனில் இருப்பதா விலகுவதா என்று ஜனவாக்கெடுப்பு நடந்தபோது, விலக வேண்டும் என்ற தரப்பார் ஒரு சிவப்பு பஸ்ஸை ஊர் ஊராக ஓட்டினர். வாரந்தோறும் 35 கோடி பவுன் ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை நம் சுகாதார சேவைக்குத் தருவோம் என்ற கருத்து அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் தீட்டப்பட்டிருந்தது. பிரிட்டனுக்குக் கழித்துக் கொடுக்கப்படும் தொகையைக் கழிக்காமல் சொன்ன கணக்கு அது. ஆகவே மக்களை மயங்கச் செய்வது என்று புள்ளிவிவரங்களைக் கண்காணிக்கும் அதிகாரசபையே கண்டித்தது. எழுத்து அழியவில்லை. விலகுவதற்கு 100-க்கு 52 பேர் வாக்களித்தனர். அம்முடிவுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நியாயமானவையும் உண்டு. விலகியது சரியா தவறா என்பது இன்றைய பொருளன்று. நான் காட்ட விரும்புவது ஒன்றே. 1903-இல் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அபிப்பிராயம் சொன்னவனாகக் கருதப்பட்டவனின் குறையை எடுத்து, 2016-இல் பஸ்ஸின் வெளிப்புறத்தில் வேறொருவர் எழுதிவிட்டார். ஆஸ்பத்திரி பெஞ்சியில் பக்கத்திலிருப்பவரிடம் சொன்ன வரையில் அக்குறைக்கு மறுமொழியும் உண்டு, திருத்தமும் உண்டு, "அப்படியா, என் அனுபவம் வேறு" என்ற இடைமறிப்பும் உண்டு. பஸ்ஸின்மேல் தீட்டிய எழுத்தோடு யாரும் சம்பாஷிக்க முடியாது. அது கடந்து போய்விடும்.

6. 'உங்களுக்கு மட்டுந்தான்'

குறையைப் பிறர் களவாடுவது ஒருவகைத் தீங்கு. குறையுள்ளவனைத் தனியாக்குவது அதனினும் கொடிது. அதற்குத் தபால் நிலையங்களின் கதையே சான்று.

பிரிட்டிஷ் கிராமங்களில் பல தபால் நிலையங்கள், பலசரக்குக் கடை ஒன்றின் மூலையில் ஒரு கவுண்டராக இருக்கும். அதை நடத்துபவர் சம்பளத்துக்கு அமர்ந்த உத்தியோகஸ்தர் அல்லர். ஒப்பந்தத்தின்பேரில் தம் கடையில் அதை ஏற்று நடத்தும் துணை அஞ்சலகக்காரர். கிழவர்கள் பென்ஷன் வாங்க வருவதும், ஊர்க்காரர்கள் பஸ்ஸையும் பஞ்சாயத்தையும் பற்றி முணுமுணுப்பதும் அங்கேதான். தெற்காசியக் குடும்பங்கள் பலவும் இத்தொழிலை ஏற்று நடத்தின. 1999 முதல் இக்கவுண்டர்களில் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை புகுத்தப்பட்டது. அது சிலரது கணக்கில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டிற்று. ஒப்பந்தப்படி பற்றாக்குறைக்கு அவர்களே பொறுப்பு. சேமிப்பைக் கரைத்தும், வீட்டை அடமானம் வைத்தும் பணத்தைக் கட்டினர்; கட்ட முடியாதவர்கள்மேல் திருட்டு, பொய்க் கணக்கு என்ற குற்றங்கள் சாட்டப்பட்டன. வழக்குத் தொடுத்தது பெரும்பாலும் தபால் ஸ்தாபனமேதான்; யந்திரம் சரியாக இயங்கிற்று என்றே கொள்ள வேண்டும் என்ற சட்ட அனுமானமும் அதற்குத் துணை நின்றது. 2015 வரையில் 900-க்கு மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டனர். சிறை சென்றவர்கள் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

இவர்கள் முணுமுணுக்கவில்லையா? முணுமுணுத்தார்கள். உதவிக்கென்று வைத்திருந்த டெலிபோன் எண்ணில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், இந்தத் தொல்லை வேறு யாருக்கும் இல்லை, உங்களுக்கு மட்டுந்தான் என்பது. அந்த ஒரு வாக்கியத்தின் கொடுமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஊராரின் குறைகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கவுண்டருக்குப் பின்னால் நின்ற மனிதர், தம் குறையைச் சொல்லத் தம்மைப் போன்ற இன்னொருவர் இருப்பதை அறியமாட்டார். அண்டை வீட்டார் அவரைத் திருடர் என்றனர். முணுமுணுப்பு அங்கே புலம்பலாகத் தாழ்ந்துவிட்டது.

2009-இல் ஒரு கம்ப்யூட்டர் தொழிற் பத்திரிகை இத்தகைய சிலரது கதைகளை ஒருங்கே வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில், ஆலன் பேட்ஸ் என்பவரின் முயற்சியால், வார்விக்ஷயரில் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்துப் பொதுமண்டபத்தில் அவர்கள் முதன்முறையாகக் கூடினர். 'உனக்குமா?' என்ற கேள்வி அன்றே அந்த மண்டபத்தில் பிறந்திருக்க வேண்டும். அதன்பின் பத்தாண்டு கழிந்து 2019-இல் ஹைகோர்ட்டில் வென்றனர். 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகளை அப்பீல் கோர்ட்டு ரத்துசெய்தது. பத்திரிகைகள் எழுதின, விசாரணைக் கமிஷனும் அமர்ந்தது. ஆயினும் நாடு அசைந்தது 2024 ஜனவரி முதல் வாரத்தில், இக்கதை நான்கு இரவுகள் டெலிவிஷனில் நாடகமாக வந்தபோதுதான். 10-ஆம் தேதி பிரதம மந்திரி சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். மே 24-ஆம் தேதி, இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளின் தண்டனைகளை ஒருசேர ரத்துசெய்யும் சட்டம் அரச சம்மதம் பெற்றது.

நீதிபதியின் தீர்ப்பு செய்யாததை நாடகம் எவ்வாறு செய்தது? புதிய உண்மை ஒன்றையும் அது கண்டுபிடிக்கவில்லை. தீர்ப்பைப் படித்தவர்கள் தனித்தனியே படித்தார்கள், நாடகத்தைப் பார்த்தவர்கள் மறுநாள் பஸ்ஸிலும் கடையிலும் ஒருவரையொருவர், "பார்த்தீர்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு தேசம் முழுவதும் அந்த 900 பேருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நீதி நடந்துவிட்டதென்று மகிழ்வதற்கு முன், இருபதாண்டுத் தாமதம் அது என்பதையும், எல்லாத் தபால் நிலையத்துக்கும் ஒரு நாடகம் கிடைத்துவிடாது என்பதையும் மறத்தலாகாது. டெலிவிஷன் வந்துதான் அண்டைவீட்டாரை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால், அந்த ஊரில் வேறு ஏதோ ஒன்று முன்னமே உடைந்துபோயிருக்கிறது.

பெரியோர்களே, நீதிஸ்தலத்தின் பிரயாணி கற்பனை மனிதன். அவனுக்குத் துணை வேண்டியதில்லை. மெய்யான பிரயாணிக்கு வேண்டும். ஓட்டுரிமையும், பத்திரிகைச் சுதந்திரமும், கோர்ட்டும், கமிஷனும் இருந்த நாட்டில் அந்தத் துணை அஞ்சலகக்காரர்களுக்கு இல்லாதுபோனது, தாம் தனியாக இல்லை என்ற அறிவு ஒன்றுதான். அதைத் தரும் அதிகாரம் எந்த மந்திரிக்கும் இல்லை. தம்மைப் போன்ற இன்னொருவர்தாம் தர முடியும்.

நான் முதலில் சொன்ன அந்த மாலை வண்டி ஐம்பது நிமிஷம் தாமதித்து வந்து சேர்ந்தது. கதவு திறந்ததும் எழுவரும் ஏறி, ஏழு வெவ்வேறு ஆசனங்களில் அமர்ந்து, மறுபடியும் மௌனத்துள் புகுந்துவிட்டோம். காய்கறிப் பைக்காரர் மட்டும் இறங்கும்போது எங்கள் பக்கம் திரும்பித் தலையை ஒருமுறை அசைத்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் என் குறை எனக்கு மட்டுந்தானா என்று அன்றிரவு நான் ஐயுறவில்லை.